அசைன்மென்ட்ல சாட்ஜிபிடி சந்தேகம் வந்தா வாத்தியார் என்ன செய்யணும், எந்த வரிசையில செய்யணும்

காலேஜ்ல புதுசா சேர்ந்த அசிஸ்டன்ட் ப்ரொஃபசர்ஸ் கிட்ட இந்த மேட்டர்ல நான் திரும்பத் திரும்ப பாக்கறது ஒண்ணுதான். செய்ய வேண்டியத எல்லாம் செய்றாங்க, ஆனா வரிசை தலைகீழா இருக்கு. முதல்ல இது ஏஐ எழுதினதான்னு சொல்ற டிடெக்டர், ஏதோ ஒரு ஃப்ரீ வெப்சைட், அதுல பேஸ்ட் பண்ணி நம்பர் பாத்துடறாங்க, அடுத்து கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் "இது நீ எழுதினதா"ன்னு கேட்டுடறாங்க, அப்புறம் இன்டர்னல்ல ஜீரோ போடறாங்க, பையனோட அப்பா வந்து எச்.ஓ.டி ரூம்ல உக்காந்த பிறகுதான் "இதுக்கு ரூல் எதாவது இருக்கா சார்"ன்னு தேட ஆரம்பிக்கறாங்க. அந்த கடைசி கேள்விதான் முதல்ல வரணும்.

கீழ இருக்கறது தமிழ்நாட்டு அஃபிலியேட்டட், அட்டானமஸ் காலேஜ் நிலவரத்த வச்சு எழுதினது. யுஜி அசைன்மென்ட், செமினார் பேப்பர், மினி ப்ராஜெக்ட் இதுக்கெல்லாம் பொருந்தும். பிஜி டிசர்டேஷன், பிஎச்டி தீசிஸ்க்கு முடிவெடுக்கற இடம் மட்டும் வேற, அத 8ல சொல்றேன்.

1. ரூல் இருக்கா, அது ஸ்டூடன்டுக்கு போய் சேர்ந்துச்சா

அசைன்மென்ட் கொடுத்த அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு தேடி எடுங்க. கிளாஸ்ரூம் போஸ்ட், வாட்ஸ்அப் குரூப் மெசேஜ், கோர்ஸ் ப்ளான், எதுவா இருந்தாலும் சரி. "ஏஐ யூஸ் பண்ணக்கூடாது"ன்னோ "கிராமர் மட்டும் பாத்துக்கலாம்"னோ எழுத்துல ஒரு வரி இருக்கணும். வாயால சொன்னது பின்னாடி நிக்காது, அறுபது பேர்ல பாதிப்பேர் "அன்னிக்கு நான் லீவு சார்"னுவாங்க.

எழுத்துல எதுவுமே இல்லைன்னா இத ஒழுங்கு நடவடிக்கையா கொண்டு போகாதீங்க. கூப்பிட்டு பேசுங்க, திரும்ப எழுதி வாங்குங்க, அடுத்த தடவைக்கு ரூல் போடுங்க, அவ்ளோதான். 2024ல ஹரியானாவுல ஒரு தனியார் யுனிவர்சிட்டில எல்எல்எம் (சட்ட மேற்படிப்பு) படிச்ச மாணவர், 88% ஏஐன்னு சொல்லி ஃபெயில் போட்டதுக்கு பஞ்சாப் ஹரியானா ஹைகோர்ட்டுக்கே போனார். ஏஐ கூடாதுன்னு ரூலே இல்ல, ஆதாரமும் இல்லங்கறதுதான் அவர் வாதம். கோர்ட் ஆழமா இறங்கறதுக்கு முன்னாடியே யுனிவர்சிட்டி முடிவ மாத்தி பாஸ் போட்டுடுச்சு.

இங்க நிறைய பேர் தடுக்கி விழற ஒரு இடம் இருக்கு. "யுஜிசி ரெகுலேஷன் இருக்கே"ன்னு 2018ல வந்த ப்ளேஜியரிசம் விதிமுறைகள கைல எடுத்துக்கறாங்க. அதுல "ஸ்க்ரிப்ட்"னா என்னன்னு சொல்ற இடத்துலயே அசைன்மென்ட், டெர்ம் பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கோர்ஸ் வொர்க், எஸ்ஸே, ஆன்சர் ஸ்க்ரிப்ட் எல்லாம் சேராதுன்னு தெளிவா விலக்கி வச்சிருக்காங்க. மாஸ்டர்ஸ், ரிசர்ச் லெவல் டிசர்டேஷன், தீசிஸ், பப்ளிகேஷன் இதுக்குத்தான் அது. போதாததுக்கு சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பர் கடைசியில, அதனால ஏஐ பத்தி அதுல ஒரு வார்த்தையும் இருக்காது. பிகாம் செகண்ட் இயர் பையனோட அசைன்மென்டுக்கு அந்த ரெகுலேஷன காட்டி லெட்டர் அடிச்சீங்கன்னா, விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து ஒரே நிமிஷத்துல உடைச்சுடுவார். உங்க காலேஜ் மால்ப்ராக்டிஸ் விதி, இல்ல டிபார்ட்மென்ட் மீட்டிங் மினிட்ஸ், இதுல எது இருக்குன்னு பாருங்க.

2. யார்கிட்டயும் பேசறதுக்கு முன்னாடி காப்பி எடுங்க

சந்தேகம் வந்த உடனே ஃபைல பத்திரப்படுத்துங்க. பிடிஎஃப் மட்டும் போதாது, ஒரிஜினல் வேர்டு ஃபைலோ கூகுள் டாக்கோ வேணும், ஏன்னா எழுதின விதம் பத்தின தகவல் பிடிஎஃப்ல வராது. சப்மிட் பண்ண நேரம் தெரியற மாதிரி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

கூகுள் கிளாஸ்ரூம்ல ஒரு சிக்கல் இருக்கு. சப்மிட் பண்ணின பிறகு, அத அன்சப்மிட் பண்ணாத வரைக்கும், அந்த டாக்க ஸ்டூடன்ட் எடிட் பண்ண முடியாது, ஆனா நீங்க "ரிட்டர்ன்" அழுத்தின உடனே எடிட் உரிமை அவங்ககிட்ட திரும்பி போயிடும். அதனால விவகாரம் முடியற வரைக்கும் ரிட்டர்ன் பண்ணாதீங்க. எப்போ என்ன எழுதினாங்க, மாத்தினாங்கன்னு காட்டற வெர்ஷன் ஹிஸ்டரிய பாக்க எடிட் பர்மிஷன் வேணும், வெறும் வியூ லிங்க்ல அது தெரியாது. "மேக் எ காப்பி" போட்டா புது காப்பில பழைய ஹிஸ்டரி வராது, இத தெரியாம காப்பி போட்டுட்டு "ஹிஸ்டரியே இல்ல, ஒரே நிமிஷத்துல பேஸ்ட் பண்ணிருக்கான்"னு முடிவு கட்டறவங்க இருக்காங்க.

நம்ம ஊர்ல பாதி அசைன்மென்ட் கைல எழுதித்தான் வருது. ஃபோன்ல சாட்ஜிபிடிய வச்சுக்கிட்டு ஏ4 ஷீட்ல பாத்து பாத்து எழுதினா எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது. அந்த பேப்பர ஸ்கேன் பண்ணிட்டு ஒரிஜினல உங்க அலமாரில வைங்க. "ரெகார்டு கட்டணும், குடுங்க மேம்"னு வந்து வாங்கிட்டு போனா அதோட போச்சு.

3. டிடெக்டர் நம்பர எங்க வைக்கணும்

கடைசி வரிசையில. முடிஞ்சா வைக்காமலே விட்டுடுங்க.

முதல்ல ரெண்டு நம்பர குழப்பிக்காதீங்க. சிமிலாரிட்டி பர்சன்டேஜ்ங்கறது வேற ஒரு டாக்குமென்டோட ஒத்துப்போற அளவு, எங்கேர்ந்து எடுத்ததுன்னு அந்த சோர்ஸையே தொட்டு காட்டலாம். ஏஐ பர்சன்டேஜ் அப்படி இல்ல, எழுத்தோட போக்க பாத்து ஒரு மாடல் போடற கணிப்பு. அதுக்கு காட்டறதுக்கு சோர்ஸ் கிடையாது, அதனால ஸ்டூடன்ட் மறுத்தா உங்ககிட்ட பதில் இருக்காது.

சாட்ஜிபிடிய செஞ்ச ஓபன்ஏஐ கம்பெனியே ஒரு டிடெக்டர் விட்டுச்சு, ஏஐ எழுதினதுல 26% தான் அது சரியா பிடிச்சுது, சரியா வரலைன்னு 2023 ஜூலைல மூடிட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டுல டோஃபல்ங்கற இங்கிலீஷ் தேர்வு எழுதினவங்களோட 91 கட்டுரைய ஏழு டிடெக்டர்ல போட்டு பாத்தாங்க, மனுஷங்க எழுதினத ஏஐன்னு தப்பா சொன்னது சராசரியா 61%. இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க தெரிஞ்ச வார்த்தைய, தெரிஞ்ச வாக்கிய அமைப்ப திரும்பத் திரும்ப போடுவாங்க, டிடெக்டருக்கு அதுதான் மெஷின் மாதிரி தெரியுது. நம்ம கிளாஸ்ல உக்காந்திருக்கறவங்க யாருன்னு யோசிச்சுக்கோங்க.

சிமிலாரிட்டி, ஏஐ ரெண்டையும் பாக்கற டர்னிட்டின் சாஃப்ட்வேர் இருக்கற காலேஜ்லயும் 20%க்கு கீழ வந்தா அவங்களே நம்பர் காட்டாம ஒரு நட்சத்திரக்குறிதான் போடறாங்க, அந்த அளவுல தப்பா இருக்க வாய்ப்பு அதிகம்ங்கறதால. தமிழ்ல எழுதின அசைன்மென்ட அதுல போட்டு பிரயோஜனம் இல்ல, அந்த ஏஐ ரிப்போர்ட் தமிழுக்கு கிடையாது.

இன்னொண்ணு, சாட்ஜிபிடி கிட்டயே "இத நீ எழுதினியா"ன்னு கேக்காதீங்க. 2023 மே மாசம் அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஒரு வாத்தியார் அப்படி கேட்டு, அது ஆமான்னு சொன்னத நம்பி கிளாஸ்ல பல பேருக்கு மார்க்க நிறுத்தி வச்சு உலகம் பூரா நியூஸ் ஆச்சு. தான் என்ன எழுதிச்சுன்னு அதுக்கு நினைவு கிடையாது, கேட்டதுக்கு ஏத்த மாதிரி பதில் சொல்லும். ஸ்டூடன்ட் பேர், ரெஜிஸ்டர் நம்பரோட ஃப்ரீ வெப்சைட்ல ஏத்தறதும் வேண்டாம், அந்த ஃபைல் எங்க போகும்னு உங்களுக்கு தெரியாது.

4. பேப்பர உக்காந்து படிங்க

ஆதாரம் இங்கதான் கிடைக்கும். அவசரப்படாம, பென்சில் வச்சு குறிச்சுக்கிட்டே படிங்க.

முதல்ல ரெஃபரன்ஸ். கடைசிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க, அதான் சீக்கிரம் முடியும். டிஓஐ நம்பர் (ஒவ்வொரு கட்டுரைக்கும் குடுக்கற அடையாள எண்) இருந்தா டிஓஐ டாட் ஆர்க்ல போட்டு பாருங்க, இந்தியன் தீசிஸ்னா சோத்கங்கால தேடுங்க, மத்தத கூகுள் ஸ்காலர்ல. ஏஐ இட்டுக்கட்டற ரெஃபரன்ஸ் பாக்க ரொம்ப நல்லா இருக்கும்: ஜர்னல் பேர் நிஜம், வால்யூம் நம்பர் நிஜம், ஆத்தர் கூட அந்தத் துறையில இருக்கறவர்தான், ஆனா அந்த தலைப்புல அப்படி ஒரு பேப்பரே கிடையாது, அந்த பக்க நம்பர்ல வேற யாரோ எழுதின வேற கட்டுரை இருக்கும். ஒவ்வொண்ணையும் எங்க தேடினீங்க, என்ன வந்துச்சுன்னு ஒரு ஷீட்ல எழுதிக்கோங்க. லிங்க் குடுத்திருந்தா அதோட வால்ல பாருங்க, "யூடிஎம் சோர்ஸ்"னு போட்டு சாட்ஜிபிடி டாட் காம்னு முடிஞ்சா அந்த லிங்க் அங்கேர்ந்து எடுத்தது. அது லிங்க் தேடினதுக்குத்தான் சாட்சி, மொத்த பேப்பரையும் அது எழுதிச்சுங்கறதுக்கு இல்ல.

அடுத்தது டேட்டா. மினி ப்ராஜெக்ட்ல "50 பேர்கிட்ட சர்வே எடுத்தேன்"னு இருக்கும், டேபிள்ல 33.3% பேர் ஆமான்னு சொன்னாங்கன்னு இருக்கும். ஐம்பது பேர்ல ஒரு ஆள் 2%. எப்படி கூட்டினாலும் 33.3 வராது, 32 வரும், 34 வரும். சில பேர் பதில் சொல்லாம விட்டிருந்தா கணக்கு மாறும், அப்போ எத்தனை பேர் சொன்னாங்கன்னு டேபிள்ல இருக்கணும். இந்த மாதிரி இடம் ஒண்ணு கிடைச்சா பத்து டிடெக்டருக்கு சமம்.

அப்புறம் நீங்க கிளாஸ்ல நடத்தினதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. நீங்க ஒரு குறியீடு, ஒரு முறைல கணக்கு போட சொல்லிக் குடுத்திருப்பீங்க, பேப்பர்ல வேற முறை வந்திருக்கும். யூடியூப்ல பாத்து போட்டிருக்கலாம், சீனியர் நோட்ஸா இருக்கலாம், அதனால இத கேள்வியா மட்டும் குறிச்சுக்கோங்க.

எதெல்லாம் ஆதாரம் இல்லைன்னும் சொல்லணும். நல்ல இங்கிலீஷ் ஆதாரம் இல்ல. ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லாதது, நீளமான கோடு போட்டது, புல்லட் பாயின்ட், "இந்த வார்த்தை எல்லாம் இவனுக்கு எங்கேர்ந்து வரும்" இதெல்லாம் ஆதாரம் இல்ல. கடைசியா சொன்னத ஸ்டாஃப் ரூம்ல நான் அடிக்கடி கேக்கறேன், தமிழ் மீடியத்துலேர்ந்து வந்த பிள்ளைங்கள பத்தித்தான் பெரும்பாலும் வரும். தமிழ்ல எழுதி கூகுள் ட்ரான்ஸ்லேட்ல போட்டு கிராமர்லி வச்சு சரி பண்ணிருப்பாங்க, உங்க ரூல் அத தடுக்கலைன்னா அது தப்பே இல்ல.

இந்தப் படி முடியும்போது ஒரு முடிவு எடுக்கணும், என்ன குற்றச்சாட்டுன்னு. இல்லாத ரெஃபரன்ஸ் போட்டதும் எடுக்காத சர்வேய எடுத்ததா எழுதினதும் ஏஐ இருந்தாலும் இல்லைன்னாலும் தப்புதான். அத நிரூபிக்க முடியும்னா அதையே எழுதுங்க, "சாட்ஜிபிடி யூஸ் பண்ணினான்"னு நிரூபிக்க முடியாத ஒண்ண பிடிச்சு தொங்க வேண்டிய அவசியமே இல்ல.

5. பழைய எழுத்தோட ஒப்பிடறது

சிஐஏ (இன்டர்னல்) டெஸ்ட் ஆன்சர் ஸ்க்ரிப்ட் எடுத்து பக்கத்துல வச்சு பாருங்க. மொழிய விட யோசிக்கற விதத்த பாருங்க, ஒரு விஷயத்த எப்படி ஆரம்பிக்கறாங்க, உதாரணம் எங்கேர்ந்து எடுக்கறாங்கன்னு. ஒரு மணி நேர டெஸ்ட்ல எழுதறதும் வீட்ல ஒரு வாரம் வச்சு எழுதறதும் ஒண்ணா இருக்காது, அதனால இது துணை ஆதாரம் மட்டும்தான்.

வேர்டு ஃபைல்ல மொத்தம் எத்தனை நிமிஷம் எடிட் பண்ணினாங்கன்னு வரும், அதையும் துணை ஆதாரமா மட்டும்தான் எடுத்துக்கணும். மூணு நிமிஷம்னு காட்டினா ஃபோன்ல டைப் பண்ணி ஃப்ரெண்டு லேப்டாப்ல பேஸ்ட் பண்ணிருக்கலாம். எல்லார்கிட்டயும் லேப்டாப் கிடையாது.

6. கூப்பிடற விதம்

கிளாஸ்ல கேக்காதீங்க, குரூப்ல போடாதீங்க. தனியா மெசேஜ், முடிஞ்சா காலேஜ் மெயில்ல. அதுல என்ன விஷயம்னு இருக்கணும், சும்மா "வந்து என்ன பாரு"ன்னு போட்டா ராத்திரி பூரா தூங்காம வந்து நிப்பாங்க.

இப்படி எழுதலாம்: "உங்க யூனிட் 3 அசைன்மென்ட்ல சில ரெஃபரன்ஸையும் டேபிள் 2ஐயும் என்னால சரிபாக்க முடியல. புதன்கிழமை மதியம் 2 மணிக்கு டிபார்ட்மென்ட்ல பேசலாம். டியூட்டரும் இருப்பாங்க. உங்க நோட்ஸ், ட்ராஃப்ட், சர்வே ஃபார்ம் எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. இன்னும் எந்த முடிவும் எடுக்கல." ரெண்டு நாளாவது டைம் குடுங்க. ட்ராஃப்ட் எடுத்துட்டு வர சொல்றது முக்கியம், அவங்க பக்கத்த காட்ட ஒரு வழி வேணும் இல்லையா.

தனியா உக்காந்து பேசாதீங்க, இன்னொரு ஸ்டாஃப் கூட இருக்கணும், கதவு திறந்திருக்கட்டும். உங்களுக்கும் அது பாதுகாப்பு.

ரொம்ப சகஜமா நடக்கற ஒரு தப்பு, போன உடனே பேப்பர நீட்டி "முதல்ல ஒரு அபாலஜி லெட்டர் எழுது, அப்புறம் பேசலாம்"னு சொல்றது. பயத்துல எழுதிக் குடுத்துடுவாங்க, ஆனா அது ஒப்புதலும் இல்ல ஆதாரமும் இல்ல. மிரட்டி வாங்கினாங்கன்னு மேல போனா, அதுவரைக்கும் நீங்க கஷ்டப்பட்டு சேத்த நல்ல ஆதாரமும் சேந்து கெட்டுடும்.

7. பேசும்போது கேள்வி எந்த வரிசையில வரணும்

முதல்ல திறந்த கேள்வி, அப்புறம் பேப்பருக்குள்ள, அதுக்கப்புறம் நீங்க கண்டுபிடிச்சது, கடைசியாத்தான் ஏஐ. ஏஐய முதல்ல கேட்டா "இல்ல சார்"ங்கற ஒரு பதில்ல ரெண்டு பக்கமும் மாட்டிக்கும், அதுக்கப்புறம் அவங்க அத காப்பாத்தத்தான் பேசுவாங்க.

தமிழ்ல பேச விடுங்க. இங்கிலீஷ்ல கேட்டு பதில் வரலைன்னா அது விஷயம் தெரியாததா, பேச வராததான்னு உங்களுக்கே தெரியாது. நீங்க என்ன ஓரல் எக்ஸாமா நடத்தறீங்க?

பேச்சு கிட்டத்தட்ட இப்படி போகும்.

"இத எப்படி ஆரம்பிச்ச, சொல்லுப்பா."
"சார், நெட்ல தேடினேன், அப்புறம் எங்க ஏரியா கடைங்கள்ல கேட்டேன்."
"எந்தக் கடையில என்ன சொன்னாங்க?"
"மளிகைக் கடை அண்ணாச்சி சொன்னார் சார், பில் கேக்கறவங்களே கம்மின்னு."
"சரி. இந்த டேபிள்ல 33.3ன்னு இருக்கே, எத்தனை பேர் அது?"
"...அத மட்டும் சாட்ஜிபிடில போட்டு டேபிளா குடுக்க சொன்னேன் சார். பன்னெண்டு பேர்கிட்டதான் கேட்டேன்."

பாருங்க, பன்னெண்டு பேர்ல நாலு பேர்னா 33.3 சரியாவே வருது. பையன் கடைக்கு போயிருக்கான், கேட்டிருக்கான், ஐம்பதுன்னு எழுதினதுதான் பொய். மொத்தமா ஏஐ எழுதினதுன்னு ஜீரோ போட்டிருந்தா அவன் செஞ்ச வேலையும் சேத்து போயிருக்கும், "ஐம்பது"ங்கற நிஜமான தப்பு யார் கண்ணுலயும் பட்டிருக்காது. இதுக்குத்தான் இந்த வரிசை.

பதில் தெரியாம முழிக்கறத உடனே குற்றம்னு எடுக்காதீங்க, எச்.ஓ.டி ரூம்ல உக்கார வச்சா நமக்கே வார்த்தை வராது. அவங்களே எழுதின ஒரு பத்திய காட்டி படிக்க விட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு "இத உன் வார்த்தைல சொல்லு"ன்னு கேளுங்க. படிச்ச பிறகும் மைய விஷயமே என்னன்னு தெரியலைன்னா அத குறிச்சுக்கோங்க. குரூப் ப்ராஜெக்ட்னா ஒவ்வொருத்தரா தனித்தனியா பேசணும், யார் எந்த பாகம் எழுதினாங்கன்னு முதல்ல எழுதி வாங்கிட்டு.

முடிஞ்ச உடனே, அதே மேசையில, கேட்ட கேள்வியும் வந்த பதிலும் எழுதி, படிச்சு காட்டி, "இதுல எதாவது மாத்தணுமா"ன்னு கேட்டு ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. ஒரு ஜெராக்ஸ் ஸ்டூடன்டுக்கு. சாயங்காலம் எழுதிக்கலாம்னு விட்டா உங்க கோபமும் அதுல கலந்துடும்.

8. யார் முடிவு பண்றது, என்ன தண்டனை

புகார் சொல்ற ஆளும் தீர்ப்பு சொல்ற ஆளும் ஒண்ணா இருக்கக்கூடாது. சின்ன விஷயம்னா எச்.ஓ.டி, திரும்பத் திரும்ப நடந்ததுன்னா காலேஜ் கமிட்டி, செமஸ்டர் எண்ட் சம்பந்தப்பட்டதுன்னா சிஓஇ (கன்ட்ரோலர் ஆஃப் எக்ஸாமினேஷன்ஸ்) ஆபீஸ். நீங்க ரிப்போர்ட் மட்டும் குடுங்க: என்ன ரூல், என்ன கிடைச்சுது, ஸ்டூடன்ட் என்ன சொன்னாங்க, எது சரிபாக்க முடியல. "என் அபிப்பிராயம்"ங்கறது தனி பத்தியா கடைசில இருக்கட்டும்.

பிஜி டிசர்டேஷன், பிஎச்டினா யுஜிசி 2018 வழி. முதல்ல டிபார்ட்மென்ட் அளவுல டிஏஐபி (டிபார்ட்மென்டல் அகாடமிக் இன்டெக்ரிட்டி பேனல்) கமிட்டி, எச்.ஓ.டி தலைமைல மூணு பேர், 45 நாளுக்குள்ள ரிப்போர்ட், அப்புறம் இன்ஸ்டிட்யூஷன் அளவுல இதே மாதிரி ஐஏஐபி பேனல், அவங்களுக்கும் 45 நாள். இதுல ஒரு பெரிய தப்பு நடக்குது. அந்த விதியில 10% வரைக்கும் தண்டனை இல்ல, 10லேர்ந்து 40 லெவல் 1, 40லேர்ந்து 60 லெவல் 2, அதுக்கு மேல லெவல் 3ன்னு இருக்கறது எல்லாம் சிமிலாரிட்டிக்கு. ஏஐ 45% வந்துச்சு அதனால லெவல் 2, ஒரு வருஷம் திரும்ப சப்மிட் பண்ணக்கூடாதுன்னு சிலர் எழுதறாங்க. அந்த அளவுகோல்ல ஏஐ நம்பர வைக்கவே முடியாது.

யுஜி அசைன்மென்டுக்கு தண்டனை அந்த அசைன்மென்டோட நிக்கணும். முதல் தடவைன்னா திரும்ப எழுதறது, அதுவும் டிபார்ட்மென்ட்ல உக்காந்து. ரெண்டாவது தடவைன்னா அந்த பகுதிக்கு மட்டும் ஜீரோ. ஹால் டிக்கெட்ட பிடிச்சு வைக்கறது, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல கையெழுத்து போட மாட்டேன்னு சொல்றது, வீட்டுக்கு ஃபோன் போட்டு "உங்க பொண்ணு ஏமாத்திட்டா"ன்னு சொல்றது, இதெல்லாம் செய்யவே கூடாது. போன வருஷம் இதே தப்புக்கு இன்னொருத்தருக்கு என்ன குடுத்தீங்கன்னும் ஃபைல்ல பாருங்க, ஸ்டூடன்ட்ஸ் அத நம்மள விட நல்லா ஞாபகம் வச்சிருப்பாங்க.

முடிவு லெட்டர்ல அப்பீல் யாருக்கு, எத்தனை நாளுக்குள்ளன்னு ஒரு வரி போடுங்க. சந்தேகம் நிரூபணம் ஆகலைன்னா அதையும் எழுத்துல குடுக்கணும், "சரி சரி போ"ன்னு அனுப்பினா அந்தப் பேர் ஸ்டாஃப் ரூம்ல நாலு வருஷம் சுத்தும்.

9. அடுத்த அசைன்மென்ட் கொடுக்கும்போது

ரூல நாலு வரில போடுங்க: எதுக்கு ஏஐ யூஸ் பண்ணலாம், எதுக்கு கூடாது, யூஸ் பண்ணினா எங்க எழுதணும், சந்தேகம் வந்தா என்ன நடக்கும். முதல் பக்கத்துலயே "நான் இன்னின்னதுக்கு யூஸ் பண்ணினேன்"னு நிரப்ப ஒரு இடம் விடுங்க, உண்மைய எழுதினவங்களுக்கு மார்க் குறைக்காதீங்க, குறைச்சா அடுத்த தடவை யாரும் எழுத மாட்டாங்க.

அறுபது பேருக்கும் மூணு நிமிஷம் வைவா வச்சா மூணு மணி நேரம், அதுக்கு டைம் டேபிள்ல இடம் கிடைக்காது. சப்மிட் பண்ற அன்னிக்கு குலுக்கல் போட்டு எட்டு பேர கூப்பிட்டு கேளுங்க, யார் பேர் வரும்னு முன்னாடியே தெரியாததால எல்லாரும் ஒரு தடவை படிச்சுட்டுத்தான் வருவாங்க. குலுக்கல கிளாஸ் ரெப் கையால போட விடுங்க, இல்லைன்னா "மேம் என்ன மட்டும் டார்கெட் பண்றாங்க"ன்னு ஆரம்பிச்சுடும்.